சைக்கோபாத்: நெஞ்சத்தில் அவலம் இல்லாதவர்

மூக்குக்கு மேல் கோபம் வரும் மேனேஜரும் சைக்கோ, வேண்டாம் என்று சொன்ன பெண்ணை விடாமல் பின்தொடர்பவனும் சைக்கோ, அடுத்தடுத்துக் கொலை செய்து பிடிபட்டவனும் சைக்கோ. செய்தித்தாள் தலைப்புக்கு இவ்வளவு கைக்கு அடக்கமான சொல் வேறு கிடைக்காது. 1960இல் ஹிட்ச்காக் எடுத்த 'சைக்கோ' படத்துக்கு இதில் பெரிய பங்கு உண்டு. ஆனால் அந்தப் படத்தின் கொலைகாரன் மருத்துவர்கள் சொல்லும் சைக்கோபாத்தே அல்ல; அவர்கள் அப்படிச் சொல்வது புத்தி தெளிவாக இருந்தும் குற்றவுணர்வு இல்லாதவரை. செத்துப்போன அம்மாவாகத் தானே மாறிவிடும் அளவுக்கு நிஜத்தோடு தொடர்பு அறுந்தவன் அவன். அந்த நிலைக்கு சைக்கோசிஸ் என்று பெயர். இல்லாத குரல் காதில் கேட்கும், யாரோ சதி செய்வதாகத் தோன்றும். சைக்கோபாத்துக்கு இந்தத் தொல்லை எதுவும் கிடையாது. பேச்சு குழறாது, கணக்கு பிசகாது, வீட்டு வாடகை நேரத்துக்குப் போய்விடும்.

சொல்லின் வேர் கிரேக்கம். 'ப்சுகே' என்றால் மூச்சு, உயிர், உள்ளம். 'பாதோஸ்' என்றால் பட்ட துன்பம், நோவு. சேர்த்துப் பார்த்தால் 'உள்ளம் நொந்தவர்' என்றுதான் பொருள் வருகிறது. 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மன் மொழி மருத்துவர்கள் அப்படித்தான் பயன்படுத்தினார்கள், மனநோய் எதுவானாலும் இந்தப் பெயர்தான். 1891இல் கோக் என்ற ஜெர்மன் மருத்துவர் இதைக் கொஞ்சம் ஒடுக்கி, முழுப் பைத்தியமும் இல்லாத, சரியாகவும் இல்லாத எல்லாரையும் ஒரே கூடையில் போட்டார். இதே ஆட்களைப் பற்றி வேறு பெயர்களில் முன்பே எழுதியிருக்கிறார்கள். பாரீஸில் பினெல் என்ற மருத்துவர் 'பிதற்றல் இல்லாத பித்து' என்றார், 1835இல் இங்கிலாந்தின் மருத்துவர் பிரிச்சர்ட் 'ஒழுக்கப் பித்து' என்றார். அறிவு கெடாமல் மனிதன் இப்படி இருக்க முடியுமா என்ற திகைப்பு இரண்டு பெயரிலுமே தெரிகிறது.

இன்றைய பொருளைக் கொடுத்தவர் ஹெர்வி கிளெக்லி. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் மனநல மருத்துவராக இருந்தவர். 1941இல் வெளிவந்த அவருடைய நூலின் பெயரே முகமூடியைப் பற்றியது: தெளிந்த புத்திதான் அந்த முகமூடி. அவர் போட்ட அடையாளப் பட்டியலில் முதலில் நிற்பது பார்த்தவுடன் பிடித்துப்போகும் கவர்ச்சியும் கெட்டிக்காரத்தனமும். வெட்கமும் குற்றவுணர்வும் இல்லாமை அதற்குப் பிறகுதான். அவர் விவரித்தவர்களில் பெரும்பாலோர் கொலைகாரர்களும் அல்லர். கூசாமல் பொய் சொல்கிறவர்கள், கடன் வாங்கி ஏமாற்றுகிறவர்கள், குடும்பத்தைத் தெருவில் விட்டுவிட்டு மறுநாள் சிரித்தபடி வந்து நிற்கிறவர்கள். வியாபாரி, மருத்துவர், மனநல மருத்துவர் என்று மதிப்பான வேடங்களில் இருப்பவர்களைப் பற்றியும் அந்த நூலில் எழுதியிருக்கிறார். தன் தொழில்காரர்களையே சேர்த்ததற்காக அவரை எனக்குப் பிடிக்கும். 1979இல், பல பெண்களைக் கொன்ற டெட் பண்டி ஃபுளோரிடாவில் கொலை வழக்கைச் சந்தித்தபோது, அவரைப் பரிசோதித்துச் சொல்ல இதே கிளெக்லியைத்தான் அழைத்தார்கள். சைக்கோபாத் என்றார் அவர். அந்தப் பண்டி ஒரு காலத்தில் சியாட்டில் நகரில், தற்கொலை எண்ணத்தோடு போன் செய்பவர்களுக்கு ஆறுதல் சொல்லும் வேலை பார்த்தவர்.

கிளெக்லிக்குப் பிறகு கனடாவின் உளவியலாளர் ராபர்ட் ஹேர், இதை அளக்க 20 அம்சங்கள் கொண்ட பட்டியலைத் தயாரித்தார். ஒவ்வொன்றுக்கும் 0, 1 அல்லது 2 மதிப்பெண். மொத்தம் 40, வட அமெரிக்காவில் 30 எடுத்தால் சைக்கோபாத். அவர் குழு கைதிகளை வைத்து நடத்திய ஒரு சோதனை சுவையானது. திரையில் எழுத்துகள் தோன்றும். அது சொல்லா, வெறும் எழுத்துக் குவியலா என்று பொத்தானை அழுத்திச் சொல்ல வேண்டும். பொதுவாக மனிதர்கள் சாதாரணச் சொல்லைவிட உணர்ச்சி ஏறிய சொல்லைச் சீக்கிரம் பிடித்துவிடுவார்கள். நம் மொழியில் வைத்துச் சொன்னால், 'மரம்' என்பதைவிட 'மரணம்' முந்திக்கொள்ளும். சைக்கோபாத்துகளிடம் அந்த முந்தல் அநேகமாக இல்லை. அகராதிப் பொருள் தெரிகிறது, அதோடு வரும் சுருக்கென்ற உணர்வு வரவில்லை.

முகமூடி எவ்வளவு கச்சிதமாகப் பொருந்தும் என்பதற்கு ஹெரால்ட் ஷிப்மனைப் பார்க்கலாம். மான்செஸ்டர் அருகே ஹைட் என்ற ஊரில் 1977 முதல் குடும்ப டாக்டர். நம்மூரில் என்றால் கைராசிக்காரர் என்று பெயர் எடுத்திருப்பார். தனியாக வாழும் வயதானவர்களை வீட்டுக்கே போய்ப் பார்ப்பார். பிறகு அந்த அம்மா நாற்காலியில், உடை கலையாமல், உட்கார்ந்தபடியே இறந்துகிடப்பார். இயற்கை மரணம் என்று சான்றிதழ் எழுதுவதும் இதே டாக்டர். போட்டது டயமார்ஃபின் ஊசி, அதாவது மருத்துவ ஹெராயின். 1998இல் 81 வயதுப் பெண்மணி ஒருவர் இறந்தபோது, சொத்து முழுவதும் டாக்டருக்கே என்று டைப்ரைட்டரில் அடித்த உயில் ஒன்று வந்தது. இறந்தவரின் மகள் வழக்கறிஞர். பார்த்த உடனே போலி என்று தெரிந்துகொண்டார். நோயாளிகளின் பழைய குறிப்புகளை ஷிப்மன் பின்தேதியிட்டுத் திருத்தியிருந்தார். உண்மையான நேரத்தைக் கம்ப்யூட்டர் தனியாகப் பதிந்து வைத்திருந்தது அவருக்குத் தெரியவில்லை. 2000இல் 15 கொலைகளுக்குத் தண்டனை. பிறகு நடந்த அரசு விசாரணை, கொல்லப்பட்டவர்கள் 215 பேர் என்று கண்டது. அவர் கடைசிவரை எதையும் ஒப்புக்கொள்ளாமல் 2004இல் சிறையில் தற்கொலை செய்துகொண்டதால், அவரை சைக்கோபாத் என்று நாம் சொல்வது ஊகம்தான்.

சரி, தமிழில் என்ன சொல்வது? வஞ்சகன், கபடதாரி, நயவஞ்சகன், படிறன் என்று சொற்களுக்குப் பஞ்சமில்லை. பெரியபுராணத்தில் மெய்ப்பொருள் நாயனாரைக் கொல்லப் போகும் முத்தநாதன் உடம்பெல்லாம் நீறு பூசி, புத்தகக் கட்டுக்குள் கத்தியை ஒளித்துக்கொண்டு, 'மைபொதி விளக்கே என்ன மனத்தினுள் கறுப்பு வைத்து' வருகிறான். ஆனால் அவனுக்குப் போரில் தோற்ற பகை இருக்கிறது. இந்தச் சொற்களெல்லாம் திரையைப் பற்றிப் பேசுகின்றன. திரைக்குப் பின்னால் நெஞ்சு சுடுகிறதா இல்லையா என்பதைப் பற்றி இவை எதுவும் சொல்வதில்லை. 'நெஞ்சில் ஈரம் இல்லாதவன்' கிட்டே வருகிறது. ஆனால் அதை முகத்திலேயே கடுகடுப்பு தெரிகிறவனுக்குத்தான் சொல்வோம். ஷிப்மன் வகையினருக்கு வெளியில் ஈரம் சொட்டும்.

மிக நெருங்கி வருபவர் வள்ளுவர். கயமை அதிகாரத்தின் முதல் குறள் 'மக்களே போல்வர் கயவர்' என்கிறது. அடுத்த குறள் இன்னும் கூர்மை: 'நன்றறி வாரிற் கயவர் திருவுடையர் / நெஞ்சத்து அவலம் இலர்.' நல்லது கெட்டது தெரிந்தவருக்கு ஓயாத கவலை. கயவருக்கு அது இல்லை, கொடுத்துவைத்தவர் என்று குத்தலாகச் சொல்கிறார். கிரேக்கச் சொல் 'உள்ளம் நொந்தவர்' என்கிறது, குறள் 'உள்ளம் நோகாதவர்' என்கிறது. குறள் சொல்வதுதான் சரி. ஆனால் அதே அதிகாரத்தில் கரும்புபோல் நசுக்கினால்தான் கொடுப்பார் கயவர் என்றும் வருகிறது. அது கருமியின் குணம். எனவே கயவர் என்பதை அப்படியே மருத்துவச் சொல்லாக்க முடியாது.

மனநோயாளி என்று எழுதுவது தவறு, கெடுதலும்கூட. மனச்சிதைவு நோயால் அவதிப்படுகிறவர்கள் மேல் கொலைகாரனின் நிழல் விழுகிறது. உண்மையில் அவர்கள்தான் அடிக்கடி பிறர் கையில் அடிபடுகிறவர்கள். மனப்பிறழ்வு, உளப்பிறழ்வு என்றாலும் படிப்பவருக்கு சைக்கோசிஸ்தான் நினைவுக்கு வரும். 'சமூக விரோத ஆளுமைக் கோளாறு' என்பது அமெரிக்க மனநலக் கையேடு 1980இல் வைத்த பெயரின் மொழிபெயர்ப்பு. அது நடத்தையைப் பார்த்துச் சொல்வது, சைக்கோபதியைவிட, அதாவது சைக்கோபாத்துக்கு உள்ள கோளாறைவிட, அகலமானது. தவிர, 'சமூக விரோதிகள் ஊடுருவிவிட்டார்கள்' என்று போலீஸ் அறிக்கை படித்துப் பழகிய நமக்கு அதில் கல்லெறியும் கூட்டம்தான் தெரியும்.

என் தேர்வு: கோளாறுக்கு மனச்சான்றின்மை, ஆளுக்கு மனச்சான்றிலி. மருத்துவக் கட்டுரையானால் முதல் முறை வரும்போது சைக்கோபதி என்பதையும் பக்கத்தில் போட்டுக்கொள்ளலாம். கைதானவரை எந்த மருத்துவரும் பரிசோதிக்கவில்லையென்றால் இரண்டுமே வேண்டாம். 'தொடர் கொலையாளி' போதும். கோபக்கார மேனேஜருக்கு 'சிடுமூஞ்சி' ஏற்கெனவே இருக்கிறது.