குரூப்வேர், திறமூலம், தனியுரிமம்: ஆபிஸ் மெயில் சர்வர் தேடுகிறவர்களுக்கு

எக்ஸ்சேஞ்ச் என்ற தன் மெயில் சர்வர் மென்பொருளின் 2016, 2019 பதிப்புகளுக்கு மைக்ரோசாஃப்ட் தந்துவந்த வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. அவற்றைச் சொந்தமாக ஓட்டும் அலுவலகம் சிங்கப்பூரில் சிராங்கூன் சாலையில் இருந்தாலும் ஜூரோங்கில் இருந்தாலும், அடுத்து எது என்று முடிவெடுத்தாக வேண்டும். கொட்டேஷன் கேட்டால் மூன்று சொற்கள் கூடவே வரும்: குரூப்வேர், ஓப்பன் சோர்ஸ், புரொப்ரைட்டரி. இவற்றின் பொருள் தெரியாமல் கையெழுத்துப் போடக்கூடாது.

குரூப்வேர் என்ற சொல்லை 1970களின் இறுதியில் உருவாக்கியவர்கள் அமெரிக்காவின் பீட்டர், ட்ரூடி ஜான்சன்-லென்ஸ் தம்பதியர். ஒரு குழு வேலை செய்யும் முறை, அதற்குத் துணை நிற்கும் மென்பொருள், இரண்டையும் சேர்த்துத்தான் அவர்கள் அப்படி அழைத்தார்கள். 1989இல் வெளிவந்த லோட்டஸ் நோட்ஸ் அதை ஒரு வியாபாரமாகவே ஆக்கியது. தமிழில் சிலர் ‘குழும மென்பொருள்’ என்று எழுதுகிறார்கள். அது சரியில்லை, குழுமம் என்றால் நமக்குப் பல கம்பெனிகளின் தொகுப்பு. ‘கூட்டுப்பணி மென்பொருள்’ என்பதே வேலையைச் சொல்லும் பெயர்.

அந்த வேலை என்ன என்பதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். போஸ்ட்ஃபிக்ஸ் மெயிலை வாங்கும், அனுப்பும். டவ்காட் அதைப் பெட்டியில் வைத்துக் காட்டும். இரண்டும் திறமூலம், இரண்டும் அருமையானவை. ஆனால் இரண்டுக்கும் நாட்காட்டி என்றால் என்னவென்றே தெரியாது. வியாழன் மூன்று மணிக்கு யார் யார் ஓய்வாக இருக்கிறார்கள், மீட்டிங் அறை காலியா என்று பார்க்க சோகோ (SOGo) போன்ற திறமூலக் கூட்டுப்பணி மென்பொருள் இன்னொன்றைப் பக்கத்தில் வைக்கவேண்டும். அவுட்லுக்கே வேண்டும் என்று ஊழியர்கள் கேட்டால், அதன் பழைய டெஸ்க்டாப் பதிப்பு கேல்டேவ் (நாட்காட்டியைச் சர்வரோடு பகிரும் பொது நெறிமுறை) நாட்காட்டிகளோடு நேரடியாகப் பேசாது. தனியாக ஓர் இணைப்பு போடவேண்டும். மலிவான கொட்டேஷனில் இந்தப் பாதி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

ஓப்பன் சோர்ஸ் என்ற பெயரை 1998இல் முன்வைத்தவர் கிறிஸ்டின் பீட்டர்சன். அதற்கு முன் புழங்கிய ‘ஃப்ரீ சாஃப்ட்வேர்’ என்பதைக் காசில்லாதது என்று மக்கள் புரிந்துகொண்டார்கள். அந்த இயக்கத்தைத் தொடங்கிய ரிச்சர்ட் ஸ்டால்மன் அதில் சொன்னது சுதந்திரத்தை. அதனால்தான் தமிழில் அது ‘கட்டற்ற மென்பொருள்’. ‘திறமூலம்’ என்பதில் வரும் மூலம், பழைய நூல்களின் அட்டையில் ‘மூலமும் உரையும்’ என்று போடுகிறோமே, அதே மூலம்தான். நிரலின் மூலத்தைப் படிக்கலாம், திருத்தலாம், பிறருக்கும் தரலாம். விலையைப் பற்றி அந்தச் சொல் எதுவும் சொல்லவில்லை. ஜிம்ப்ரா என்ற மெயில், நாட்காட்டி மென்பொருளைப் பாருங்கள்: 9ஆம் பதிப்பிலிருந்து மூலம் வெளியில் கிடைக்கிறது, ஆனால் நிறுவத் தயாரான தொகுப்பைக் கம்பெனி காசு கட்டுகிறவர்களுக்கே தந்தது. மற்றவர்கள் தாங்களே தொகுத்துக்கொள்ளவேண்டும்.

புரொப்ரைட்டரிக்குத் தமிழ் ‘தனியுரிம’. உரிமம் என்றால் லைசென்ஸ். இதற்குப் பக்கத்திலேயே ‘தனியுரிமை’ என்று இன்னொரு சொல் இருக்கிறது, அது பிரைவசி. ஓர் எழுத்துதான் வித்தியாசம், பொருளோ வேறு உலகம். தனியுரிம சர்வர் என்றால் நம் தகவல் பத்திரமாக இருக்கும் என்று அர்த்தமில்லை. மென்பொருளின் உரிமை விற்பவரிடம் இருக்கிறது என்று மட்டுமே அர்த்தம். திறமூலம் என்றால் நம் கடிதங்கள் ஊருக்கெல்லாம் திறந்துகிடக்கும் என்று பயப்படுவதும் இதே குழப்பம்தான். சிங்கப்பூரின் 2012ஆம் ஆண்டு தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் இரண்டுக்கும் ஒன்றுதான். வாடிக்கையாளர் விவரத்தைக் காக்கும் பொறுப்பு அலுவலகத்துடையது. விவரம் வெளிநாட்டுக்குப் போனால் அங்கும் இதற்கு ஈடான பாதுகாப்பு இருக்கவேண்டும்.

சரி, எதை எடுப்பது? அப்டேட்டும் பேக்கப்பும் பார்க்க நிரந்தரமாக ஓர் ஆள் இருந்தால் திறமூலம் என்பேன். மாற்றிக்கொள்ளும் சுதந்திரம் பெரிய சொத்து. ஆள் இல்லாத பத்துப் பேர் ஆபிஸில் அதைத் தனியே நிறுவுவது ஆபத்து. காசு கொடுத்து, பராமரிப்போடு வாங்குங்கள். எந்தப் பக்கம் போனாலும் பணம் கட்டுமுன் விற்பவரிடம் ஒன்று கேளுங்கள்: ஓர் ஊழியரின் நாட்காட்டியை, வாராவாரம் வரும் ஒரு மீட்டிங்கோடு, ஐகேலண்டர் (நாட்காட்டிகளுக்கான பொது வடிவம்) கோப்பாக எடுத்து வேறொரு மென்பொருளில் திறந்து காட்டச் சொல்லுங்கள். பின்னால் வேறொன்றுக்கு மாற முடியுமா என்று அதிலேயே தெரிந்துவிடும்.