பிளசீபோ: போலி மருந்தா, மருந்துப்போலியா?

வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடியின் மூன்றாம் தட்டில் ஒரு ரீச்சர் இருக்கிறார். தமிழ் படிப்பித்து ஓய்வுபெற்றவர். மாதாமாதம் பிரஷர் கிளினிக்குக்கும் போய்வருகிறவர். மருத்துவ ஆய்வுகளில் சேருகிறவர்களுக்குக் கொடுக்கும் தகவல் தாள்களைத் தமிழாக்குவது என் பிழைப்பு. அனுப்புவதற்கு முதல் ஒரு பிரதியை அவரிடம் காட்டிவிடுவேன். வாத்தியார் கண்ணும் நோயாளியின் கண்ணும் ஒரே மூக்குக்கண்ணாடிக்குப் பின்னால் கிடைப்பது லேசில்லை.

ஒருமுறை அப்படிக் காட்டிய தாளில், 'பங்குபற்றுவோரில் சிலருக்குப் போலி மருந்து வழங்கப்படும்' என்று எழுதியிருந்தேன். ரீச்சர் அந்த வரியில் விரலை வைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"ஏன் தம்பி, போலி மருந்து குடுக்கப்போறம் எண்டு எழுதி, அதுக்குக் கீழ சனத்திட்டக் கையெழுத்தும் வாங்கப்போறீரோ?"

எனக்குச் சுருக்கென்றது. நான் சொல்ல வந்தது பிளசீபோ. அவர் வாசித்தது பத்திரிகைகளில் வருகிற போலி மருந்து: லேபலை மாற்றி ஒட்டி, சரக்கில்லாத குப்பியை நல்ல மருந்தென்று விற்கிற களவு. இந்த நாட்டில் அந்தச் சொல்லைக் கேட்டால் எவருக்கும் பயம் வரத்தான் செய்யும். பிழை முழுக்க என்னுடையது.

சரி, பிளசீபோ என்றால் என்ன? பார்வைக்கும் நிறத்துக்கும் சுவைக்கும் மருந்தைப்போலவே இருக்கும், ஆனால் வேலை செய்யும் சரக்கு உள்ளே இல்லாத குளிசை, பாணி, ஊசி. ஒரு மருந்தைச் சோதிக்கும்போது ஆட்களை எழுமாற்றாக இரண்டு கூட்டமாகப் பிரித்து, ஒரு கூட்டத்துக்கு மருந்தும் மற்றதுக்கு இதையும் கொடுப்பார்கள். நோய் தானாகத் தணிவது, கவனிப்புக் கிடைத்ததால் வரும் தெம்பு, 'மருந்து குடித்துவிட்டேன்' என்ற நினைப்பு எல்லாம் இரண்டு கூட்டத்துக்கும் பொது. அவற்றைக் கழித்தபின் மிஞ்சுவதுதான் மருந்தின் சொந்தச் சம்பாத்தியம்.

சொல்லின் பூர்வீகம் மருந்துக்கடையில் இல்லை, செத்தவீட்டில் இருக்கிறது. லத்தீனில் 'பிளசீபோ' என்றால் 'நான் பிரியமாயிருப்பேன், மகிழ்விப்பேன்' என்று அர்த்தம். இறந்தவர்களுக்கான கத்தோலிக்க மாலைச் செபம் பழைய லத்தீன் வேதாகமத்தின் ஒரு சங்கீத வரியோடு தொடங்கும். அந்த வரியின் முதற்சொல் இதுதான். இதே வரி தமிழ் வேதாகமத்தில் 116ஆம் சங்கீதத்தின் 9ஆம் வசனமாக இருக்கிறது. ஆனால் அங்கே 'மகிழ்விப்பேன்' என்று தேடினால் கிடைக்காது, 'நடப்பேன்' என்றுதான் இருக்கும். எபிரேய மூலத்தில் உள்ளது நடத்தல்தான். கிரேக்கம் வழியாக லத்தீனுக்கு வரும்போது நடை மகிழ்ச்சியாகிவிட்டது. ஒரு மொழிபெயர்ப்பு வழுக்கலில் பிறந்த சொல் என்று தெரிந்தபோது, என் தொழிலை நினைத்து எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

முதற்சொல்லால் அந்தச் செபத்துக்கே 'பிளசீபோ' என்று பெயராயிற்று. அப்புறம், சாப்பாட்டுக்கும் காசுக்கும் ஆசைப்பட்டு, செத்தவருக்கு ஒரு உறவும் இல்லாமல் வந்து நின்று பாடுகிறவர்களை 'பிளசீபோ பாடுகிறவன்' என்று ஏளனமாகச் சொல்லத் தொடங்கினார்கள். நம்மிடம் இதற்கு அச்சொட்டான தொடர் இருக்கிறது: கூலிக்கு மாரடித்தல். அழுகையைப்போல இருக்கும், அழுகை இல்லை. ஆனால் கேட்கிற வீட்டாருக்கு ஏதோ ஒரு ஆறுதல். 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் சொல் ஆங்கில மருத்துவ அகராதிகளுக்குள் புகுந்தது. 1811இல் ஒரு அகராதி, நோயாளிக்குப் பயன்படுவதைவிட அவரைத் திருப்திப்படுத்தவே கொடுக்கும் மருந்து என்று பொருள் எழுதிவிட்டது.

அதே காலத்தில்தான் இதை வைத்துச் சோதிக்கலாம் என்ற யோசனையும் வந்தது. அமெரிக்காவில் பேர்க்கின்ஸ் என்ற வைத்தியர் இரண்டு உலோகக் கம்பிகளைச் செய்து, நோகிற இடத்தில் இழுத்தால் நோவு போய்விடும் என்று விற்றார். நல்ல விற்பனை. இங்கிலாந்தின் பாத் நகரத்தில் ஜோன் ஹேகார்த் என்ற டொக்டர் 1799இல் மரத்தில் அதேமாதிரி கம்பி செய்து, உலோகம்போல நிறமும் பூசி, ஐந்து நோயாளிகளில் இழுத்துப் பார்த்தார். நாலு பேர் சுகம் என்றார்கள். அடுத்த நாள் உண்மையான உலோகக் கம்பி. அதே பலன். கம்பியின் வியாபாரத்துக்கு அது நல்ல செய்தியாக இருந்திருக்காது.

இனித் தமிழுக்கு வருவோம். எனக்குப் பாடம் எடுத்தது ரீச்சர்தான். "போலி எண்டா களவு எண்டு ஆர் சொன்னது? நன்னூல் படிக்கேல்லையோ?" என்று தொடங்கினார். இலக்கணத்தில் போலி என்பது 'போல்' என்பதிலிருந்து வந்தது. ஒரு எழுத்து நின்ற இடத்தில் இன்னொரு எழுத்து வந்து, பொருள் கெடாமல் நிற்பது. மயல் மையலானால் முதற்போலி, அமச்சு அமைச்சானால் இடைப்போலி, நிலம் நிலனானால் கடைப்போலி. இதில் யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. ஒன்றின் இடத்தில் ஒன்றைப்போல நிற்பது, அவ்வளவுதான். பிளசீபோ செய்வதும் அதுவே.

ஆகவே சொல்லில் குறையில்லை, நான் வைத்த வரிசையில்தான் குறை. போலி மருந்து என்றால் தலைச்சொல் மருந்து. மருந்தென்று உரிமை கோருகிறது, ஆனால் பொய். மருந்துப்போலி என்றால் தலைச்சொல் போலி. தான் மருந்தில்லை, மருந்தைப்போன்றது என்று அதுவே ஒப்புக்கொள்கிறது. மாட்டுப்பாலும் பால்மாடும் ஒன்றா? 'மருந்துப்போலி' நான் கண்டுபிடித்த சொல் அல்ல, இணையத்தில் தமிழில் எழுதுகிறவர்களிடையே ஏற்கெனவே புழங்குகிறது. 'வெற்று மருந்து' என்றும் எழுதுகிறார்கள். அது மோசமில்லை, ஆனால் மருந்தைப்போல இருப்பது என்ற பாதி அதில் விடுபட்டுப்போகிறது. சிலர் எழுதும் 'ஆறுதல் மருந்து' லத்தீனுக்குக் கிட்ட நிற்கிறது, ஆய்வுக்குத் தூரம்.

குளிசைக்கு இது போதும். சிக்கல் அக்குபங்சரில் தொடங்குகிறது. கொழும்புக்கு அது புதிதில்லை. களுபோவில வைத்தியசாலையில் டொக்டர் அன்டன் ஜயசூரிய ஊசி குத்தி வைத்தியம் பார்த்ததைச் சொல்கிற பழைய ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள். 'அக்குபங்சர்' என்பதுகூடச் சீனச் சொல் அல்ல. டச்சுக் கம்பனியின் வைத்தியராக யப்பானில் இருந்த டென் ரைன் 1683இல் லண்டனில் அச்சிட்ட நூலில் லத்தீனில் கட்டிய பெயர்: ஊசி, குத்து. சீனர்கள் சொல்வது 'ஜென்ஜியு', ஊசியும் சூடும். மாசிபத்திரி இனத்து இலையை உருட்டிக் கொளுத்திச் சூடு காட்டுவதும் அந்தப் பெயருக்குள் அடக்கம். லத்தீன் ஊசியை எடுத்துக்கொண்டு சூட்டை விட்டுவிட்டது.

சரி, ஊசிக்கு எப்படி மருந்துப்போலி செய்வது? குத்தினால் குத்தியதுதானே. 1998இல் ஜெர்மனியில் ஸ்ட்ரைட்பேர்கர் என்பவர் ஒரு ஊசியை அறிமுகப்படுத்தினார். கூத்தில் வரும் கத்தியைப்போல, முனை மொட்டை, அழுத்தினால் தண்டு பிடிக்குள்ளேயே போய்விடும். தோலில் பட்டதும் குத்தியதுபோல இருக்கும், ஆனால் உள்ளே போகாது. இதற்கு 'ஊசிப்போலி' என்று எழுதலாம். இன்னொரு வழி, உண்மையான ஊசியையே சீன வைத்தியம் சொல்லும் புள்ளிகளுக்கு வெளியே மேலோட்டமாகக் குத்துவது. இங்கே ஊசி அசல், இடம்தான் மாற்று. இதையும் 'போலி ஊசி' என்று எழுதினால் முழுப்பிழை. நான் 'புள்ளிப்போலி' என்று எழுதிப் பார்க்கிறேன், காதுக்குப் பழகினால் நிற்கும்.

ஏன் இந்த நுணுக்கம்? 2007இல் வெளியான ஜெர்மன் ஆய்வொன்றில் தீராத நாரிநோ உள்ள 1162 பேர் இருந்தார்கள். ஆறு மாதத்தில், முறையான அக்குபங்சர் பெற்றவர்களில் 47.6 வீதமானோருக்கும், புள்ளிக்கு வெளியே குத்தப்பட்டவர்களில் 44.2 வீதமானோருக்கும், வழமையான சிகிச்சை பெற்றவர்களில் 27.4 வீதமானோருக்கும் முன்னேற்றம். இதை வைத்து 'அக்குபங்சர் போலி' என்று ஒருவர் எழுதலாம், 'அக்குபங்சர் வழமையான வைத்தியத்தை வென்றது' என்று இன்னொருவர் எழுதலாம். எண்கள் இரண்டு பேருக்கும் ஒன்றுதான். ஒப்பிட்டது எதனோடு என்ற சொல்லைச் சரியாகத் தமிழாக்காவிட்டால் வாசிக்கிறவர் எந்தப் பக்கம் சாய்வாரோ தெரியாது.

இன்னொரு ஆய்வு எனக்கு இதைவிடப் பிடிக்கும். சீனக் கரையிலுள்ள மக்காவு நகரத்தில் சீன வைத்தியம் படித்து, பின்னர் ஹார்வர்டில் ஆய்வாளரான டெட் கப்சக்கும் கூட்டத்தாரும் 2008இல் வெளியிட்டது. குடல் எரிச்சல் நோயுள்ள 262 பேர். காத்திருப்புப் பட்டியலில் விடப்பட்டவர்களில் 28 வீதமானோர் நிவாரணம் கிடைத்ததாகச் சொன்னார்கள். பேச்சுக்கொடுக்காமல் ஊசிப்போலி மட்டும் வைக்கப்பட்டவர்களில் 44. அதே ஊசிப்போலியை, முக்கால் மணித்தியாலம் ஆறுதலாக இருந்து கதை கேட்டு வைத்தபோது 62. மூன்று கூட்டத்திலும் ஒருவருக்கும் ஊசி ஏறவில்லை.

இதைச் சொன்னபோது ரீச்சர் அசரவில்லை. "கைராசி எண்டு நாங்கள் சொல்லுறது பிறகு என்ன?" என்றார். அந்தக் காலத்தில் ஒரு டொக்டர் நாடி பிடித்து, பிள்ளைகுட்டி விசாரித்து முடிக்கையில் அரைவாசி வருத்தம் போய்விடுமாம். அவர் தந்த சிவப்புப் பாணி எல்லாருக்கும் ஒரே பாணிதானாம். மருந்துப்போலியின் விளைவுக்குக் 'கைராசி' என்று ஆய்வுத் தாளில் எழுத முடியாது, ராசி என்ற சொல் சும்மா இருக்காது. 'மருந்துப்போலி விளைவு' என்றே எழுதுகிறேன். ஆனால் ஒரு கிராமத்து மருத்துவிச்சிக்கு விளங்கப்படுத்தச் சொன்னால் கைராசியில்தான் தொடங்குவேன்.

எதிர்ப்பக்கமும் உண்டு: 'நோசீபோ', 'நான் கெடுதல் செய்வேன்'. பக்கவிளைவு வரும் என்று கேட்டவுடனே தலை சுற்றுவது. இதற்குத் தமிழில் எனக்கு இன்னும் நல்ல சொல் அகப்படவில்லை.

தாளைத் திருத்தினேன்: 'சிலருக்கு மருந்துப்போலி வழங்கப்படும். இது மருந்தைப்போலவே இருக்கும், ஆனால் மருந்துச் சரக்கு இதில் இல்லை. உங்களுக்குக் கிடைப்பது எது என்பது உங்களுக்கும் தெரியாது, உங்களைப் பார்க்கும் டொக்டருக்கும் தெரியாது.' ரீச்சர் இரண்டு தரம் வாசித்தார். தலையாட்டினார். அப்புறம் திரும்பவும் விரலை வைத்தார்.

"இதைச் சாப்பாட்டுக்கு முதலோ பிறகோ எண்டு போடேல்லையே?"

உள்ளே ஒன்றுமில்லாத குளிசை ரீச்சர், எப்போது குடித்தால் என்ன என்று வாயெடுத்தேன். உடனே உறைத்தது. மருந்து சாப்பாட்டுக்குப் பிறகென்றால் இதுவும் சாப்பாட்டுக்குப் பிறகுதான். நேரத்தில் வித்தியாசம் வைத்தால், யாருக்கு எது என்பது இரண்டாம் நாளே வெளியில் வந்துவிடும். 'இரண்டையும் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு' என்று பேனையால் எழுதிச் சேர்த்தேன்.