அகபாந்தஸ் பூக்கவில்லையா? மண்வெட்டியை ஓரமாக வையுங்கள்

"இலை நல்லாத்தான் இருக்கு சார், பூவைத்தான் காணோம்." ஊட்டியில் என் நர்சரிக்கு வருபவர்கள் அகபாந்தஸைப் பற்றிச் சொல்லும் குறை பெரும்பாலும் இதுதான். விசாரித்தால், தூரை வருஷா வருஷம் தோண்டிப் பிரித்து உறவுக்காரர் வீட்டுக்கெல்லாம் பங்கு கொடுத்திருப்பார்கள்.

தென்னாப்பிரிக்காவைச் சேர்ந்த இந்தச் செடி, சதைப்பற்றான வேர்களில் நீரையும் உணவையும் சேர்த்துவைத்துப் பூக்கும். வேரை அறுத்தால் அந்தச் சேமிப்பு போய்விடும். அடுத்த பருவம் பூ வராமலே போகலாம். நாலைந்து வருஷத்துக்கு ஒருமுறை, தூர் நெருக்கியடித்துப் பூ குறையும்போது பிரித்தால் போதும். பூ முடிந்த பிறகு தூரை முழுதாகத் தோண்டி எடுத்து, கூரான மண்வெட்டியால் துண்டு போடுங்கள். ஒவ்வொரு துண்டிலும் இரண்டு மூன்று குருத்தும் தாராளமாக வேரும் இருக்கட்டும். ஒற்றைக் குருத்தும் பிழைக்கும், ஆனால் பூவுக்குக் காத்திருக்க வேண்டும். நடும்போது குருத்தின் அடி மண்மட்டத்திலேயே இருக்கட்டும். ஆழப் புதைத்து நீர் தேங்கினால் அழுகிவிடும்.

விதையிலும் வளர்க்கலாம். புது விதை ஒன்றிரண்டு மாதத்தில் முளைத்துவிடும். பூக்க மூன்று வருஷத்துக்கு மேலும் ஆகலாம். தாய்ச்செடியின் நிறமே வரும் என்ற உத்தரவாதமும் இல்லை. பிடித்த நீலம் அப்படியே வேண்டுமென்றால் தூர்ப்பிரிப்புதான் வழி.

மரநிழலில் வைத்துவிட்டுப் பூ கேட்பவர்களும் உண்டு. தினமும் ஆறு மணி நேர வெயிலாவது வேண்டும். யூரியாவை அள்ளிப்போட்டால் இலைதான் கொழுக்கும். பொட்டாஷ் கூடுதலான உரம் கொடுங்கள். தொட்டியில் வைத்தால் வேருக்கு இடம் கொஞ்சம் இறுக்கமாகவே இருக்கலாம். சமவெளிக்கு வாங்கிப்போக ஆசைப்படுபவர்களிடம், கோடைச் சூட்டில் இது சரியாகப் பூக்காது என்று சொல்லிவிடுவேன். விற்பனை போனாலும் பரவாயில்லை.

சாறு பட்டால் சிலருக்குத் தோல் அரிக்கும். தின்றால் வாய் எரியும். பிரிக்கும்போது கையுறை போடுங்கள், குழந்தைகளையும் நாயையும் தள்ளி வையுங்கள்.

வாடிய பூத்தண்டை விதை முற்றுமுன் வெட்டிவிடுங்கள். நியூசிலாந்தில் தோட்டம் தாண்டிப் பரவி, கடலோரப் பாறைச்சரிவுகளில் அங்குள்ள செடிகளை நெருக்கும் களையாகிவிட்டது இது. நம் மலைகளில் உண்ணிச்செடி ஏற்கெனவே செய்துவைத்திருப்பது போதாதா? விதைக்கென்று ஒரு தண்டை விட்டுவைத்தால், காய் பழுப்பாகி வெடிக்குமுன் காகிதப்பையைக் கட்டிவிடுங்கள்.