வட்ஸ்அப் இரகசியம் எங்கே கசிகிறது?

தேயிலைத் தோட்டத்து லயக் காம்பராவில் ஒரு போனை நாலு பேர் எடுப்பது வழக்கம். பிள்ளை ஸூம் வகுப்புக்கு எடுக்கும், மாமியார் கொழும்பில் வேலை செய்யும் மகனோடு பேச எடுப்பார். அங்கே "வட்ஸ்அப்பில் அனுப்பினால் யாருக்கும் தெரியாது" என்ற பேச்சு பாதிதான் உண்மை. 2016 முதல் செய்திகள் அனுப்புபவரின் போனிலேயே பூட்டப்பட்டு, பெறுபவரின் போனில்தான் திறக்கின்றன. நடுவிலுள்ள தொலைபேசி நிறுவனத்தால் அவற்றை வாசிக்க முடியாது. கசிவு பெரும்பாலும் வீட்டுக்குள்தான்.

கணவன் மனைவிக்குள்ளும் காதலர்களுக்குள்ளும் முதலில் பார்க்க வேண்டியது வட்ஸ்அப்பிலுள்ள 'இணைக்கப்பட்ட சாதனங்கள்' பட்டியல். உங்கள் போனும் அதைத் திறக்கும் பின் நம்பரும் ஒரு நிமிடம் கிடைத்தால் போதும். மற்றவர் தன் கணினியில் ஒரு கியூஆர் கோட்டைக் காட்டி, அதை உங்கள் போனால் ஸ்கேன் பண்ணுவார். அந்தச் சதுரத்துக்குள் அவர் சாதனத்தின் பொதுச் சாவி, அதாவது அதற்கென்று செய்தியைப் பூட்ட உதவும் நீண்ட எண், இருக்கிறது. "இதுவும் என்னுடையதே" என்று உங்கள் போன் அதற்கு டிஜிட்டல் கையெழுத்துப் போட்டுவிடும். அதன்பின் உங்களுக்கு எழுதுபவரின் போன் ஒவ்வொரு செய்தியையும் உங்களுக்கு ஒரு தரம், அந்தக் கணினிக்கு ஒரு தரம் எனத் தனித்தனியே பூட்டி அனுப்பும். பூட்டை யாரும் உடைக்கவில்லை, சாவிதான் இரண்டாகிவிட்டது. இப்படி நான்கு சாதனங்கள் வரை சேர்க்கலாம். உங்கள் போன் அணைந்திருந்தாலும் அங்கே செய்தி போகும். அந்தப் பட்டியலைத் திறந்தால் சாதனத்தின் பெயரும் கடைசியாக இயங்கிய நேரமும் தெரியும். தெரியாத பெயரைத் தட்டி வெளியேற்றலாம். ஏற்கெனவே எடுத்த ஸ்க்ரீன்ஷொட்டை மட்டும் திரும்பப் பெற வழியில்லை.

கொழுந்து பறிக்கும் கைக்குக் கைரேகைப் பூட்டு அடிக்கடி மறுக்கும். பல போன்களின் சென்சர் ரேகையின் மேட்டுக்கும் பள்ளத்துக்கும் உள்ள மின்னூட்ட வேறுபாட்டை அளக்கிறது. விரல் நுனி தேய்ந்தால் மேடு தாழும். மழையில் நனைந்தால் பள்ளத்தில் நீர் நிறைந்து வேறுபாடே மறையும். அலுத்துப்போய் பின் நம்பருக்கு மாறும்போது, பிள்ளை பிறந்த வருடத்தைப் போடுகிறார்கள். வீடே அறிந்த எண் அது! அதை அறிந்தவர் தன் விரலையும் உங்கள் போனில் பதிந்துகொள்ளலாம். பின்னை மாற்றினாலும் அந்த விரல் அங்கேயே இருக்கும். ஆகவே ஆறு இலக்கப் புதுப் பின் போட்டபின், பட்டியலிலுள்ள எல்லா விரல்களையும் அழித்துவிட்டு உங்களுடையதை மட்டும் பதியுங்கள்.

"பின் நம்பரை மறைத்தால் அன்பில்லை" என்பதை ஏற்க முடியாது. உங்கள் போனில் தங்கச்சியின் கஷ்டமும் சிநேகிதியின் கிளினிக் றிப்போட்டும் கிடக்கின்றன. அவர்கள் உங்களை நம்பித்தான் அனுப்பினார்கள்.

சிம் யாருடைய அடையாள அட்டையில் இருக்கிறது என்பதும் முக்கியம். பதிவு கணவரின் பெயரில் என்றால், அதே எண்ணுக்கு அவர் மாற்று சிம் வாங்கலாம். உங்கள் கணக்கை வேறு போனில் திறக்க வட்ஸ்அப் அனுப்பும் ஆறு இலக்கக் குறியீடு அங்கே போகும். வட்ஸ்அப்பிலேயே 'இரு படிச் சரிபார்ப்பு' என்ற இடத்தில் ஒரு பின் நம்பர் போட்டு வைத்தால் உடனே நுழைய முடியாது. நிலையான தீர்வு, உங்கள் பெயரிலேயே சிம் எடுப்பது.

அடிதடி உள்ள வீட்டில் இவற்றை அவசரப்பட்டுச் செய்யாதீர்கள். இணைப்பை அறுத்த கணமே அவருடைய கணினியில் வட்ஸ்அப் மூடிவிடும், அவருக்கு விஷயம் புரிந்துவிடும். முதலில் 1938 என்ற பெண்கள் உதவி எண்ணில் பேசுங்கள். அதையும் நம்பிக்கையான வேறொருவரின் போனிலிருந்து எடுங்கள், இல்லாவிட்டால் உங்கள் அழைப்புப் பட்டியலில் அந்த எண் நிற்கும்.