இத்தாலிய மொழி மாணவர்கள் இத்தாலிக்குப் படிக்கப் போக: உதவித்தொகை, விசா, வசிப்பு அனுமதி

பல்கலைக்கழகத்தில் இத்தாலிய மொழி படிப்பவர் இத்தாலிக்குப் போக மூன்று வழிகள் உண்டு. சொந்தப் பல்கலைக்கழகத்தின் ஒப்பந்தப்படி ஒரு செமஸ்டரோ ஓராண்டோ பரிமாற்ற மாணவராகப் போகலாம். சில மாத மொழிப் படிப்புக்குப் போகலாம். அங்கேயே பட்டப்படிப்பில் சேரலாம். எந்த உதவித்தொகை கிடைக்கும், எந்த விசா வேண்டும் என்பதெல்லாம் இந்த மூன்றில் எதில் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. இதை முதலில் முடிவு செய்யாமல் உதவித்தொகை தேடுவதில்தான் பலருக்கு ஓராண்டு வீணாகிறது. இங்கே சொல்பவை ஐரோப்பிய ஒன்றியக் குடியுரிமை இல்லாதவர்களுக்கான விதிகள்.

பரிமாற்றமாகப் போவது

இதற்கான பெரிய திட்டம் ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் பிளஸ். ஐரோப்பாவுக்கு வெளியே உள்ள பல்கலைக்கழக மாணவருக்கும் இது உண்டு. ஆனால் தனிநபராக விண்ணப்பிக்க முடியாது: உங்கள் பல்கலைக்கழகத்துக்கும் இத்தாலியப் பல்கலைக்கழகத்துக்கும் ஒப்பந்தம் இருக்க வேண்டும், உங்கள் பல்கலைக்கழகமே உங்களைத் தேர்ந்தெடுத்து அனுப்ப வேண்டும். முதல் வேலை, பன்னாட்டு உறவு அலுவலகத்தில் ஒப்பந்தப் பட்டியலைக் கேட்டு வாங்குவது. படிப்புக்கான காலம் 2 முதல் 12 மாதம். போகும் இடத்தில் கல்விக் கட்டணம் கிடையாது.

புறப்படும் முன் ‘லேர்னிங் அக்ரிமென்ட்’ தாளில் நீங்கள், அனுப்பும் பல்கலைக்கழகம், ஏற்கும் பல்கலைக்கழகம் என மூவரும் கையெழுத்திட வேண்டும். அங்கே படித்த பாடம் இங்கே கிரெடிட்டாக (படிப்பை முடிக்கச் சேர்க்க வேண்டிய பாட அலகு) சேர்வதற்கு இந்தத் தாள்தான் ஆதாரம். அங்கே போன பிறகு ஒரு பாடத்தை மாற்றினால், திருத்திய தாளிலும் மூவர் கையெழுத்தும் வேண்டும். வாய்வார்த்தையாக ‘சரி’ என்று சொன்னதை நம்பித் திரும்பியவர்களுக்குக் கிரெடிட் சேராமல் போவது வழக்கமான கதை.

அடுத்த சிக்கல் பயணத் தேதி. இத்தாலியில் முதல் செமஸ்டர் வகுப்புகள் செப்டம்பர் இறுதியில் அல்லது அக்டோபரில் தொடங்கி டிசம்பர், ஜனவரிவரை போகும். தேர்வுகள் ஜனவரி, பிப்ரவரியில். கிறிஸ்துமஸுக்கு முன் திரும்ப டிக்கெட் போட்டுவிட்டால், வகுப்புக்குப் போயும் தேர்வு எழுதாதவர் ஆவீர்கள். தேர்வுத் தேதியை அங்கே ‘அப்பெல்லோ’ என்பார்கள். இணையத்தில் முன்பதிவு செய்யாமல் போய் உட்கார முடியாது. இலக்கியம், மொழியியல் பாடங்களில் வாய்மொழித் தேர்வு மிகச் சாதாரணம். மதிப்பெண் 30-க்கு, தேர்ச்சி 18.

மூன்று மாத மொழிப் படிப்பு

இத்தாலிய வெளியுறவு அமைச்சகம் வெளிநாட்டு மாணவர்களுக்கு ஆண்டுதோறும் உதவித்தொகை அறிவிக்கிறது. முதுகலை, ஆய்வு ஆகியவற்றோடு மொழி, பண்பாட்டுப் படிப்புகளுக்கும் இது உண்டு. அந்தப் பிரிவின் காலம் 3 மாதம். இத்தாலிய மொழி மாணவருக்கு இது நன்றாகப் பொருந்தும், ஏனென்றால் அதற்குக் கேட்கும் மொழித் தகுதி ஐரோப்பிய மொழி அளவுகோலில் ஏ2 என்ற தொடக்க நிலைதான். எந்த நாட்டவருக்கு எந்தப் பிரிவு, வயது வரம்பு என்ன என்பது ஒவ்வோர் ஆண்டு அறிவிப்பிலும் இருக்கும். போன ஆண்டின் அறிவிப்பை வைத்துத் திட்டமிடாதீர்கள். வெளிநாட்டவருக்கெனத் தொடங்கப்பட்ட பெருஜியா, சியெனா பல்கலைக்கழகங்களின் படிப்புகளை இதற்குப் பார்க்கலாம்.

இந்தப் பணம் தவணையாக, இத்தாலிய வங்கிக் கணக்கில்தான் வரும். கணக்குத் தொடங்க ‘கோதிச்சே ஃபிஸ்காலே’ என்ற 16 எழுத்து வரி எண் வேண்டும். அது வரி அலுவலகத்தில் இலவசமாகக் கிடைக்கும். எப்படிப் பார்த்தாலும் முதல் சில வாரச் செலவு உங்கள் கையிலிருந்துதான்.

நாள் கணக்கையும் பாருங்கள். 90 நாள்வரை என்றால் குறுகிய கால ஷெங்கன் விசா (தங்களுக்குள் எல்லைச் சோதனை இல்லாத ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவானது). வசிப்பு அனுமதி எடுக்கத் தேவையில்லை. அதற்கு மேல் ஒரு நாள் என்றாலும் ‘டி’ வகை நீண்ட கால தேசிய விசா. அக்டோபர் 1 முதல் டிசம்பர் 31 வரை என்பது பேச்சுக்கு மூன்று மாதம், ஆனால் எண்ணிப் பார்த்தால் 92 நாள்.

பட்டப்படிப்பில் சேர்வது

வெளிநாட்டிலிருந்து விண்ணப்பிப்பவர் ‘யுனிவர்சிடாலி’ என்ற இத்தாலிய அரசு இணையதளத்தில் முன்பதிவு செய்ய வேண்டும். பல்கலைக்கழகம் அதைச் சரிபார்த்த பிறகுதான் துணைத் தூதரகம் விசா விண்ணப்பத்தை எடுக்கும். இளங்கலைக்குப் பொதுவாக 12 ஆண்டுப் பள்ளிப் படிப்பு தேவை. இத்தாலிய வழிப் படிப்புக்கு அதே அளவுகோலில் பி2 (மேல் இடைநிலை) மொழித் தகுதி. சில்ஸ், சேலி, பிளிடா போன்ற அங்கீகரிக்கப்பட்ட சான்றிதழ் இருந்தால் மொழித் தேர்வு எழுத வேண்டாம். செலவுக்குப் பணம் இருப்பதைக் காட்டுவதற்கான குறைந்தபட்சத் தொகை இத்தாலியின் சமூக ஓய்வூதியத்தோடு இணைந்தது. சமீபத்தில் அது ஆண்டுக்கு 7,000 யூரோவை ஒட்டி இருக்கிறது.

முழுப் பட்டப்படிப்பில் சேர்பவருக்கு மட்டும் உள்ள பெரிய உரிமை, பிராந்திய அரசுகள் வழங்கும் கல்வி உதவி. திறமை இருந்தும் வசதி இல்லாதவர் உயர்கல்வியின் உச்சம்வரை படிக்கலாம் என்கிறது இத்தாலிய அரசியலமைப்பின் 34-ஆவது பிரிவு. அதை நடைமுறைப்படுத்தும் 2012-ஆம் ஆண்டின் 68-ஆம் எண் ஆணை வெளிநாட்டு மாணவரையும் சேர்த்துக்கொள்கிறது. பணம், உணவகச் சலுகை, விடுதி இடம், கட்டண விலக்கு என எல்லாம் இதில் வரும். நடத்துவது பல்கலைக்கழகம் அல்ல, பிராந்திய அமைப்பு: எமிலியா ரொமாஞ்ஞாவில் எர்கோ, பியெமோந்தேயில் எதிசு, லாட்சியோவில் லாட்சியோதிஸ்கோ. பல்கலைக்கழக விண்ணப்பத்தோடு இதுவும் போய்விட்டது என்று நினைத்து விட்டுவிடுபவர்கள் நிறையப் பேர். இது தனி விண்ணப்பம், கடைசி நாளும் தனி. அது பெரும்பாலும் நீங்கள் விமானம் ஏறுவதற்கு முன்பே வந்துவிடும்.

இதற்கு அடிப்படை, குடும்ப வருமானத்தையும் சொத்தையும் கணக்கிடும் ‘இஸே பாரிஃபிகாத்தோ’. தேவைப்படுபவை: குடும்ப உறுப்பினர் சான்று, ஒவ்வொருவரின் வருமானச் சான்று, டிசம்பர் 31 நிலவரப்படி வங்கி இருப்பு, சொந்த வீட்டின் பரப்பு சதுர மீட்டரில். வெளிநாட்டு வீட்டின் மதிப்பைச் சதுர மீட்டருக்கு 500 யூரோ என்றே கணக்கிடுவார்கள். சந்தை விலை பார்க்க மாட்டார்கள். வேலையில் இல்லாத உறுப்பினருக்கும் ‘வருமானம் இல்லை’ என்ற சான்று வேண்டும். விண்ணப்பங்கள் அதிகம் தடுக்கி விழுவது இங்கேதான். எல்லாத் தாளுக்கும் அப்போஸ்டில் (வெளிநாட்டில் செல்லுவதற்கான அரசு முத்திரை) அல்லது தூதரக உறுதிப்பாடும் இத்தாலிய மொழிபெயர்ப்பும் தேவைப்படுவதால், இரண்டு மூன்று மாதம் முன்னதாகவே தொடங்குங்கள்.

உதவி கிடைத்த பிறகும் இரண்டு நிபந்தனைகள். வெளியூர் மாணவர் என்ற முறையில் முழுத் தொகை பெற, பதிவுசெய்த வாடகை ஒப்பந்தம் உங்கள் பெயரில் குறைந்தது 10 மாதத்துக்கு இருக்க வேண்டும். ஒப்பந்தம் இல்லாமல் வாடகை கொடுத்தால் தொகை குறையும். முதலாண்டு மாணவர் ஆகஸ்ட் 10-க்குள் 20 கிரெடிட் எடுத்தால்தான் இரண்டாம் தவணை. நவம்பர் 30-க்குள்ளும் எடுக்காவிட்டால், வாங்கிய பணத்தையே திருப்பிக் கட்டச் சொல்வார்கள்.

போய்ச் சேர்ந்ததும்

‘டி’ விசாவில் போனவர் இறங்கிய 8 வேலை நாளுக்குள் வசிப்பு அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும். ‘ஸ்போர்தெல்லோ அமிக்கோ’ கவுண்டர் உள்ள தபால் நிலையத்தில் மஞ்சள் பட்டை போட்ட உறை இலவசமாகத் தருவார்கள். உள்ளே இருக்கும் படிவத்தைக் கறுப்பு மையில் நிரப்பி, கடவுச்சீட்டு, சேர்க்கைக் கடிதம், காப்பீடு, பணச் சான்று ஆகியவற்றின் நகல்களை வைத்து, உறையை ஒட்டாமல் கொடுக்க வேண்டும். ஓராண்டுவரையான அனுமதிக்குச் செலவு: 16 யூரோ முத்திரை வில்லை, 30 யூரோ தபால் கட்டணம், 70.46 யூரோ சலான். முத்திரை வில்லை தபால் நிலையத்தில் கிடைக்காது. புகையிலைக் கடையில் வாங்கிக்கொண்டுதான் வரிசையில் நிற்க வேண்டும்.

அரசு மருத்துவச் சேவையில் தாமாகச் சேரும் மாணவருக்கான கட்டணம் 2024 முதல் ஆண்டுக்கு 700 யூரோ. அது ஜனவரி முதல் டிசம்பர்வரையான நாள்காட்டி ஆண்டுக்குரியது, பாதியில் சேர்ந்தாலும் குறைக்க மாட்டார்கள். செப்டம்பரில் போகிறவர் முதல் நான்கு மாதத்துக்குத் தனியார் காப்பீடு வைத்துக்கொண்டு, தேவைப்பட்டால் ஜனவரியில் இதில் சேர்வதே லாபம்.

மாணவர் அனுமதியில் வாரத்துக்கு 20 மணி நேரம், ஆண்டுக்கு 1,040 மணி நேரம்வரை வேலை செய்யலாம். பட்டப்படிப்பு மாணவர் முதல் புதுப்பித்தலுக்கு ஒரு தேர்விலாவது தேறியிருக்க வேண்டும், அடுத்தடுத்த ஆண்டுகளில் இரண்டு. வசிப்பு அனுமதி அட்டை கைக்கு வர மாதங்கள் ஆகும். அதுவரை தபால் நிலையத்தில் தந்த ரசீதே ஆதாரம். விசா காலாவதியான பிறகு, வெறும் ரசீதோடு பிற ஷெங்கன் நாடுகள் வழியாகப் பயணம் செய்யக்கூடாது. விடுமுறைக்கு ஊருக்குப் போவதானால் இத்தாலியிலிருந்து ஷெங்கனுக்கு வெளியே நேரடியாகப் போகும் விமானத்தைப் பாருங்கள்.