ஆல்டிமீட்டருக்கு மலை தெரியாது

போன வாரம் சிமுலேட்டரில் ஒரு பயிற்சி விமானி மலையில் மோதினார். இந்த மாதத்தில் இது மூன்றாவது. மோதியதில் எனக்கு வருத்தமில்லை, சிமுலேட்டர் இருப்பதே அதற்குத்தான். திரை உறைந்து நின்றதும் என் பக்கம் திரும்பி அவர் சொன்னதுதான் இன்னும் மண்டைக்குள் ஓடுகிறது: "ஆல்டிமீட்டர் மூவாயிரம் அடினுதான் சார் காட்டுச்சு."

காட்டியது உண்மைதான். விமானத்தின் உயரத்தைக் காட்டும் கருவி ஆல்டிமீட்டர், அதற்கு அந்த இடத்தின் காற்றழுத்தத்தை விமானிதான் எண்ணாக வைத்துத் தர வேண்டும். அந்தப் பாடத்தில் நான் கொடுத்திருந்த காற்றழுத்தம் 993 ஹெக்டோபாஸ்கல். அவருடைய ஆல்டிமீட்டரில் 1013 அப்படியே நின்றது. மேலே பறக்கும்போது வைப்பது, இறங்கும்போது மாற்ற மறந்துவிட்டார். 20 ஹெக்டோபாஸ்கல் பிசகினால் சுமார் 540 அடி பிசகும். அந்த இடத்தில் குன்றின் தலைக்கு மேல் விட்டிருந்த இடைவெளியே 500 அடி.

சரி, இதே பிழை நிஜத்தில் என்ன செய்தது என்று சொல்லலாமே என்று லெனினகானை எடுத்தேன். 1988 டிசம்பர் 7 அன்று ஆர்மீனியாவில் பூகம்பம். நான்காம் நாள், மீட்புப் பணிக்குப் படைவீரர்களை ஏற்றிக்கொண்டு அஸர்பைஜானிலிருந்து வந்த ஐஎல்-76 ராணுவ விமானம் லெனினகானுக்கு இறங்கும் வழியில் தரையில் மோதியது. அந்த ஊரின் இன்றைய பெயர் கியும்ரி. எழுபதுக்கும் மேற்பட்டவர்களில் ஒரே ஒருவர் பிழைத்தார். ஆல்டிமீட்டரில் அழுத்தம் தவறாக வைக்கப்பட்டிருந்தது. மறுநாளே யெரெவான் அருகில் யூகோஸ்லாவியாவின் ஏஎன்-12 நிவாரண விமானம் விழுந்து அதிலிருந்த 7 பேரும் இறந்தார்கள். அங்கேயும் ஆல்டிமீட்டர் குழப்பம்தான் காரணமாகச் சொல்லப்பட்டது.

நம்மாள் சொன்னார்: "அதெல்லாம் பழைய ரஷ்ய டப்பா சார்."

விமானங்களுக்குத் தரையிலிருந்து வழியும் உயரமும் சொல்லும் கண்ட்ரோலராக இருபத்தெட்டு வருடம் உட்கார்ந்தவன் நான். கோபத்தை அடக்கத் தெரியும். அன்று தெரியவில்லை.

தம்பி, அந்த டப்பாவின் நான்கு எஞ்சினும் மோதும் நொடி வரை ஓடிக்கொண்டிருந்தன. இறக்கை இருந்தது, ஸ்டியரிங் சொன்ன பேச்சைக் கேட்டது. கோளாறே இல்லாத விமானத்தை, அது கையில் இருக்கும்போதே, தெரியாமல் மலைக்குள் ஓட்டிக்கொண்டு போவதற்கு எங்கள் தொழிலில் தனிப் பெயரே உண்டு: சிஃபிட். அதற்கு ரஷ்யா, அமெரிக்கா என்ற பேதம் கிடையாது. 1966 ஜனவரியில் ஹோமி பாபாவோடு சேர்த்து 117 பேரை மோன் பிளாங்க் மலையில் இழந்தோமே, அந்த ஏர் இந்தியா விமானம் போயிங் 707. 1974 டிசம்பரில் வாஷிங்டன் பக்கத்தில் டிடபிள்யூஏ என்ற அமெரிக்க நிறுவனத்தின் விமானம் மலையில் மோதி 92 பேர் இறந்தார்கள். அதுவும் போயிங். அதையெல்லாம் டப்பா என்று யாரும் சொல்வதில்லை.

ஆல்டிமீட்டர் தரையைப் பார்த்து உயரம் சொல்கிறது என்று நினைப்பவர்கள் இத்தனை பேர் இருப்பது எனக்கு இன்னும் ஆச்சரியம்தான். பயணிகள் நினைத்தால் போகட்டும். உரிமம் வாங்கப் போகிறவர்களும் அப்படித்தான் நினைக்கிறார்கள். அது ஒரு காற்றழுத்தமானி, வேறொன்றுமில்லை. ஊட்டிக்குப் போகும்போது பையில் சிப்ஸ் பாக்கெட் உப்புகிறதே, அந்த பாக்கெட்டுக்கு முள்ளும் எண்களும் வைத்தால் ஆல்டிமீட்டர். வெளியே காற்று எவ்வளவு லேசாகியிருக்கிறது என்பதுதான் அதற்குத் தெரியும். அதை உயரமாக மாற்ற, எங்கிருந்து அளக்க வேண்டும் என்று நாம்தான் ஒரு எண்ணைச் சொல்லித்தர வேண்டும். தப்பான எண்ணைச் சொன்னால் தப்பான உயரத்தைத் தயங்காமல் காட்டும். விளக்கு எரியாது, மணி அடிக்காது. கீழே கடல் இருந்தாலும் கோயில் கோபுரம் இருந்தாலும் அதற்கு ஒன்றுதான்.

சோவியத் நாட்டில் இதில் இன்னொரு சிக்கலும் இருந்தது. மற்ற பல நாடுகளில் கடல்மட்டத்திலிருந்து அடிக்கணக்கில் அளப்பார்கள். அங்கே இறங்கும்போது ரன்வேயைச் சுழியமாக வைத்து மீட்டரில் அளப்பார்கள், அழுத்தத்தைப் பாதரச மில்லிமீட்டரில் சொல்வார்கள். சமவெளியில் இது வசதி, ரன்வேயில் சக்கரம் தொடும்போது முள் சுழியத்தில் நிற்கும். லெனினகான் விமான நிலையமோ கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 1,500 மீட்டரில் இருக்கிறது. அங்கே வைக்க வேண்டிய எண், கடலோர ஊரின் எண்ணிலிருந்து நூற்றுக்கும் மேல் குறையும். ஒரு மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ 11 மீட்டர் உயரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு இலக்கத்தைக் காது தவறாகக் கேட்டாலோ விரல் தவறாகத் திருப்பினாலோ என்ன ஆகும் என்று நீங்களே பெருக்கிப் பாருங்கள். டிசம்பர் குளிர் வேறு. குளிர்ந்த காற்றில் முள் இருப்பதைவிட அதிகமாகவே காட்டும். வழக்கமான வெப்பத்தைவிட 10 டிகிரி குறைந்தால் உயரத்தில் சுமார் 4 சதவீதம் காணாமல் போகும்.

மலையில் மேகம் ஏன் படுக்கிறது என்றெல்லாம் நான் விளக்கப் போவதில்லை. படுக்கும், அவ்வளவுதான். 1964 செப்டம்பர் 2 அன்று சோவியத் நாட்டின் கிழக்குக் கோடியில் உள்ள சகாலின் தீவில் ஒரு ஐஎல்-18 பயணி விமானம் சீக்கிரமே இறங்கி மலைச்சரிவில் மோதியது. 93 பேரில் 87 பேர் இறந்தார்கள். ஏழு வாரத்துக்குள், அக்டோபர் 19 அன்று, இன்னொரு ஐஎல்-18 யூகோஸ்லாவியாவின் தலைநகர் பெல்கிரேடு அருகே அவாலா மலையில் மோதியது. மழை, தாழ்ந்த மேகம். அதில் வந்தவர் சாதாரண ஆள் கிடையாது, சோவியத் படைகளின் தலைமைத் தளபதி மார்ஷல் பிர்யூசோவ். பெல்கிரேடு விடுதலையின் 20-ம் ஆண்டு விழாவுக்குக் குழுவோடு வந்துகொண்டிருந்தார். 33 பேரும் இறந்தார்கள். அவாலாவின் உயரம் 511 மீட்டர்தான். நம் ஊரில் கரடு என்போம். இமயமலையைக் கண்டு பயப்படுபவர்கள் அவாலாவைக் கண்டு பயப்படுவதில்லை, அதுதான் எனக்குப் பயம்.

அவாலா செய்தி வெளியே வந்தது, மார்ஷல் இருந்ததால். உள்ளூர்ப் பயணிகள் மட்டும் இறந்த விபத்துகள் அந்த நாட்டுப் பத்திரிகைகளில் பெரும்பாலும் வராது.

கண்ட்ரோலர் என்ற முறையில் என்னைத் தூங்கவிடாதது வேறொன்று. 1983 ஆகஸ்ட் 30, கஜகஸ்தானின் அல்மா-அட்டா. ரஷ்யாவின் செல்யாபின்ஸ்கிலிருந்து வந்த டியூ-134 பயணி விமானம், டோலன் மலையில் மோதி 90 பேர் இறந்தார்கள். வழக்கமான இறங்குபாதையிலிருந்து விலகி, அந்தப் பகுதிக்கான பாதுகாப்பு உயரத்துக்குக் கீழே விமானம் போனது. கண்ட்ரோலர் அப்படி அனுப்பினார், விமானிகள் அப்படியே போனார்கள். கீழேயிருந்து ஒருவர் தெளிவான குரலில் சொல்கிறார், மேலே ஒருவர் அதைத் திருப்பிச் சொல்கிறார், எல்லாம் முறைப்படி நடப்பது போலவே இருக்கும். மைக்கைப் பிடித்திருந்த காலத்தில் நானும் தப்பான உயரம் கொடுத்திருக்கிறேன். ஒரு முறை ஒரு விமானி, "அங்க மலை இருக்கே, உறுதி பண்ணுங்க" என்று கேட்டார். அவர் முகத்தை நான் பார்த்ததே இல்லை.

இப்போதுதான் தரை நெருங்கினால் கத்தும் எச்சரிக்கைக் கருவி இருக்கிறதே என்பீர்கள். பழைய கருவி நேர் கீழே மட்டும் பார்க்கும், எதிரே செங்குத்தாக மலை வந்தால் அது கத்துவதற்குள் நேரம் முடிந்துவிடும். உலகத்தின் நிலவரைபடத்தையே கருவிக்குள் வைத்து முன்கூட்டியே கத்த வைத்தவர் கனடாவில் பிறந்த பொறியாளர் டான் பேட்மன். அதற்கான வரைபடம் எங்கிருந்து வந்தது தெரியுமா? சோவியத் யூனியன் உடைந்தபோது, அது ரகசியமாகத் தயாரித்து வைத்திருந்த உலக வரைபடங்கள் விற்பனைக்கு வந்தன. பேட்மன் தான் வேலை பார்த்த நிறுவனத்தைச் சம்மதிக்க வைத்து அவற்றை வாங்கினார். இன்று விமானிகளைக் காப்பாற்றும் "டெரைன், டெரைன்" (நிலம், நிலம்) என்ற எச்சரிக்கைக் குரலில் அந்த வரைபடங்களுக்கும் பங்கு உண்டு. ஆனால் குரல் வந்ததும் விமானத்தை மேலே இழுக்க வேண்டும். என் பயிற்சியாளர்கள் முதலில் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்கிறார்கள்.

பயிற்சியில் இருப்பவர்களுக்குச் சொல்கிறேன். அழுத்த எண்ணை வாய்விட்டுச் சொல்லுங்கள், பக்கத்து ஆள் தன் முள்ளைப் பார்த்து பதில் சொல்லட்டும். இரண்டு முள்ளும் ஒத்துப்போகாவிட்டால் இறங்காதீர்கள். அந்தப் பகுதியின் குறைந்தபட்ச உயரத்தை இறங்குவதற்கு முன்பே தாளில் எழுதி முன்னால் வையுங்கள். யார் சொன்னாலும், நான் சொன்னாலும், அதற்குக் கீழே போக வேண்டாம். மேகத்துக்கு அடியில் புகுந்து போய்விடலாம் என்று யாராவது சொன்னால் அன்றைக்கு அவரோடு பறக்காதீர்கள்.

பயணிகளுக்கு ஒரு வேண்டுகோள், கொஞ்சம் தணிந்த குரலில். வானிலை சரியில்லை என்று விமானமோ யாத்திரை ஹெலிகாப்டரோ நின்றால், தயவுசெய்து கவுன்டரில் சண்டை போடாதீர்கள். "எதிர்த்த கம்பெனிக்காரன் போறானே" என்று கேட்காதீர்கள். போகிறவர் எதை வைத்துப் போகிறார் என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. 2021 டிசம்பரில் குன்னூரில் முப்படைத் தலைமைத் தளபதியோடு எம்ஐ-17 ஹெலிகாப்டர் விழுந்தபோது சதி என்றார்கள், எஞ்சின் என்றார்கள். என் உறவுக்காரர்களே வாட்ஸ்அப்பில் எனக்கு அனுப்பினார்கள். விமானப்படை விசாரணை இரண்டையும் மறுத்தது. வானிலை திடீரென்று மாறி, மேகத்துக்குள் நுழைந்து, விமானிக்குத் திசையுணர்வு குழம்பியதுதான் காரணம் என்றது. எம்ஐ-17 வகை ஹெலிகாப்டரின் வேர் சோவியத் வடிவமைப்புதான். அதற்கும் விபத்துக்கும் சம்பந்தமில்லை.

மறுநாள் அதே பாடத்தை மறுபடி வைத்தேன். மோதிய தம்பிதான் இந்த முறையும் இடப்பக்கம். 993 என்று சத்தமாகச் சொன்னார், வைத்தார், பக்கத்தவரும் வைத்தார். அப்புறம் நான் கண்ட்ரோலர் குரலில், வேண்டுமென்றே, பாதுகாப்பு உயரத்துக்கு 800 அடி கீழே இறங்கச் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. தாளைப் பார்த்தார். "அன்ஏபிள் சார், முடியாது, கீழே மலை" என்றார். பக்கத்து இருக்கைக்காரர் அதற்குள் நான் சொன்ன உயரத்தை வைத்து, ஆட்டோ பைலட்டை இறங்க விட்டிருந்தார்.