லாபான் வாயில மட்டும் ஏன் அரமேயம் வருது?

பழைய ஏற்பாட்டத் தமிழ்ல படிக்கிறப்ப யார் பேசினாலும் ஒரே தமிழ்தான், இஸ்ரவேலரும் சரி வெளிநாட்டுக்காரரும் சரி. எபிரேய மூலத்துல அப்படி இல்ல, இதக் கவனிச்சதுல இருந்து எனக்கு அந்தப் பக்கங்களே வேற மாதிரி ஆயிடுச்சு.

ஆதியாகமம் 31ல யாக்கோபும் மாமனார் லாபானும் கல்லக் குவிச்சு உடன்படிக்கை பண்றாங்க. அந்தக் குவியலுக்கு லாபான் வைக்கிற பேரு ஜெகர்சகதூதா, யாக்கோபு வைக்கிறது கலயேத். ரெண்டுக்கும் அர்த்தம் 'சாட்சிக் குவியல்'தான், ஆனா முன்னது சுத்தமான அரமேயம், அதாவது அரமேயரோட மொழி, ஏன்னா லாபான் ஆரான் ஊரு அரமேயன்.

இப்படி நேரடியாக் காட்டுறது அபூர்வம், மத்த இடத்துல எல்லாம் பேச்சு எபிரேயத்துலயே ஓடும், நடுவுல ரெண்டு மூணு வார்த்தை மட்டும் வேத்தூரு வாடை அடிக்கும். நீதிமொழிகள் 31ல லேமுவேல் ராஜாவுக்கு அவங்கம்மா புத்தி சொல்றாங்க. மகனுக்கு எபிரேயத்துல 'பென்', அந்தம்மா ஒரே வசனத்துல மூணு தடவ 'பர்'னு கூப்பிடுறாங்க, அது அரமேயம். அடுத்த வசனத்துல ராஜாக்கள்னு சொல்ல 'மெலாகிம்'னு வரவேண்டியது 'மெலாகின்'னு முடியுது. ஒரே ஒரு மெய்யெழுத்து மாறினதும் காதுக்கு இது நம்ம ஊருக்காரி இல்லன்னு தெரிஞ்சிடும்!

ஏன் முழுசா அரமேயத்துல எழுதல? 2 இராஜாக்கள் 18ல பதில் இருக்குன்னு நெனைக்கிறேன். கிமு 701ல அசீரியப் படையோட வந்த ரப்சாக்கே எருசலேம் மதிலுக்கு வெளிய நின்னு யூதா மொழியிலயே, அதாவது எபிரேயத்துலயே மிரட்டுறான். அவனப் பாக்க வெளிய வந்த யூதா அதிகாரிங்க, அரமேயத்துல பேசுங்க எங்களுக்குப் புரியும், மதில்மேல இருக்குற ஜனங்க கேக்குற மாதிரி நம்ம மொழியில வேணாம்னு கெஞ்சுறாங்க. அப்போ சாதாரண ஜனத்துக்கு அரமேயம் புரியாது. அதனாலதான் அளவு முக்கியம், ரெண்டும் ஒரே குடும்பத்து மொழிங்கறதால ஒண்ணு ரெண்டு வார்த்தைய ஊகிச்சுக்கலாம், அதுக்கு மேல போனா கதை நின்னுடும்.

அரமேயச் சொல் இருந்தாலே அந்தப் பகுதி பிற்காலத்துல எழுதினதுன்னு பல அறிஞர்கள் முடிவு கட்டினாங்க. எபிரேய மொழி ஆய்வாளர் கேரி ரெண்ட்ஸ்பர்க் மாதிரி ஆளுங்கதான் அந்த வார்த்தை யார் வாயில வருதுன்னு மொதல்ல பாருங்கன்னாங்க. எல்லா இடத்துக்கும் இது பொருந்தாது, ஆனா ஏசாயா 21ல பாருங்க, சேயீர்ங்கற வெளிநாட்டுல இருந்து ஒருத்தன் "இரவு எவ்வளவு போச்சு"ன்னு ஜாமக்காரன்கிட்ட கேக்குறான். அந்த வெளிநாட்டுக்காரனுக்குச் சொல்ற பதில்ல 'வருது'ங்கறதுக்கு வழக்கமான 'பா' இல்ல, 'அத்தா'. 'கேளுங்க'ங்கறதுக்கும் அரமேய வினை, 'வாங்க'ங்கறதுக்கும் அப்படியே. ஒரே வசனத்துக்குள்ள இத்தனை.